நமுனுகுலவுக்கு எந்த நிறம்?

அடுத்த முறை பண்டாரவளைப் பக்கம் வரும்போது, அஸர் தொழுகையை முடித்துவிட்டு அரை மணி நேரம் எனக்காக ஒதுக்கி வையுங்கள். கடைத்தெருவைத் தாண்டி, பட்டினத்தின் கிழக்கு ஓரத்தில் ஏதாவது ஒரு மேட்டில் ஏறி நின்றால் போதும். பள்ளத்தாக்குக்கு அப்பால், வானத்தை மறித்துக்கொண்டு ஒரு பெரிய மலை நிற்கும். அதுதான் நமுனுகுல. 2,036 மீற்றர் உயரம். ஒன்பது சிகரம் என்று சிங்களத்தில் அதற்குப் பொருள். நான் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஆறு வரும், ஒரு நாள் ஏழு வரும், ஒன்பது எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

இப்போது ஒரு கேள்வி. அந்த மலைக்கு என்ன நிறம்?

"பச்சை" என்றுதான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். முப்பது வருடம் பாடசாலையில் புவியியல் படிப்பித்தவள் நான். தேசப்படத்தில் மலைக்கு மண்ணிறம், சமவெளிக்குப் பச்சை, கடலுக்கு நீலம் என்று எத்தனை பிள்ளைகளின் கையைப் பிடித்துத் தீட்ட வைத்திருப்பேன்! ஓய்வுபெற்ற பிறகு, 2012ஆம் ஆண்டில், எண்ணெய் வர்ணத்தால் ஒரு மலையை வரைந்தே தீருவது என்று ஆசை பிறந்தது. கொழும்புக்குப் போன மகனிடம் சொல்லி வர்ணக் குழாய்கள் வாங்குவித்தேன். அவற்றில் மூன்று பச்சை. மூன்றும் ஒரே படத்தில் தீர்ந்து போயின. முடிந்ததும் எட்ட நின்று பார்த்தேன். மலை இல்லை, பாசி பிடித்த ஒரு மதில் நின்றது.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். சிங்களவர். ஆனால் எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். என் கணவர் போய் அவரை அழைத்து வந்தார். படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பெரிய மனது. "மலை பச்சையென்று உங்களுக்கு யார் சொன்னது, டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு பழைய கலியாண அழைப்பிதழை எடுத்து, நடுவில் ஒரு விரல்நுனி அளவுக்கு ஓட்டை போட்டு என் கையில் தந்தார்.

இந்த வித்தையை நீங்களும் செய்து பாருங்கள், காசு செலவில்லை. அட்டையை ஒரு முழத் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டைக்குள்ளால் உங்கள் காலடியிலுள்ள தேயிலைச் செடியைப் பாருங்கள். பச்சை. அப்படியே அட்டையை உயர்த்தி, தூரத்து மலைச்சரிவை ஓட்டைக்குள் கொண்டு வாருங்கள். சாம்பல் கலந்த நீலம்! அந்தச் சரிவிலும் மரமும் புல்லும்தான் இருக்கின்றன. ஆனால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் காற்று கிடக்கிறது. வெயிலின் நீல ஒளியைக் காற்று கூடுதலாகச் சிதறடிக்கிறது. அந்த நீலம் சரிவின் மேல் திரைபோலப் படிந்துவிடுகிறது. வானம் நீலமாக இருப்பதற்கும் இதுவே காரணம். மலை எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு அது வானத்தின் பங்காளி. இதை ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான் நான். ஆனால் மூளை "மரம், ஆகவே பச்சை" என்று சொன்னதைக் கை நம்பிவிட்டது, கண்ணை யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் பெட்டியில் பச்சைக் குழாய் கிடையாது. டைட்டேனியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், கட்மியம் மஞ்சள், மஞ்சட்காவி, சுட்ட மண்ணின் செந்நிறமான பேர்ன்ட் சியன்னா, கொஞ்சம் கருஞ்சிவப்பு. இவ்வளவுதான். நீலத்தோடு மஞ்சட்காவியைக் குழைத்தால் அடங்கிய ஒரு பச்சை வரும். எட்டத் தெரியும் தேயிலைக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. நீலத்தோடு பேர்ன்ட் சியன்னாவைக் கலந்தால் கறுப்புக்கு நிகரான இருட்டு. அதில் வெள்ளையைக் கூட்டக் கூட்ட, மழைக்கு முந்திய எங்கள் ஊர் மேகங்கள் அத்தனையும் வரும்.

எண்ணெய் வர்ணத்துக்கு நீர்வர்ணத்தின் அவசரம் கிடையாது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணம் அது. தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதல்ல, காற்றிலுள்ள ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு மெல்ல இறுகுவது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாள் எடுக்கும். எங்கள் மலைநாட்டு ஈரக் காற்றில் இன்னும் கூடும். அது வரைக்கும் பிழையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். என் வயதில் தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரு சட்டம் மட்டும் உண்டு. அடியில் பூசும் வர்ணத்தில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேற்பூச்சு முந்திக் காய்ந்து, அடிப்பூச்சு பிந்தி அசைந்து, படம் வெடித்துவிடும். முதல் பூச்சுக்கு டர்ப்பன்டைன் கலந்து மெல்லியதாக இழுங்கள். துணியையும் வெறுமனே விடக் கூடாது. வாப்பாவின் புடவைக் கடையில் மிஞ்சிக் கிடந்த காடாத் துணியைச் சட்டத்தில் அடித்து அப்படியே பூசினேன். எண்ணெய் நேரே நூலில் இறங்கினால் துணி உளுத்துப் போகும் என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் வச்சிரம் காய்ச்சிப் பூசி, அதன் மேல் வெள்ளைப் பூச்சு அடித்துக் காயவிட வேண்டும்.

குடும்பப் பத்திரிகை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் எறியாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் சூட்டை வெளிவிடும். துணி குவிந்து கிடந்தால் தீப்பெட்டி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப் போடுங்கள். டர்ப்பன்டைன் போத்தலைப் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கட்மியம் நஞ்சு, கை கழுவாமல் சாப்பாட்டில் உட்காராதீர்கள்.

சரி, மறுபடியும் மேட்டுக்கு வாருங்கள்.

மலை எங்களுக்குக் கிழக்கே நிற்கிறது. அதனால் காலையில் சூரியன் அதன் முதுகுப் பக்கம். சுபஹு தொழுதுவிட்டுப் போனால், வெட்டி ஒட்டிய நீலக் காகிதம்போல ஒரே துண்டாக நிற்கும். ஒரு மடிப்பும் தெரியாது. பழகுகிறவர்கள் அந்த நேரத்தில் தொடங்குவது நல்லது. வானத்துக்கு ஒரு நிறம், மலைக்கு ஒரு நிறம், கிட்டத்து மேட்டுக்கு ஒரு நிறம். மூன்றே துண்டு. பின்னேரம் கதை வேறு. வெயில் மேற்கிலிருந்து நேரே மலையின் முகத்தில் விழும். ஐந்து மணியளவில் வெயில் சாயச் சாய, ஒவ்வொரு பள்ளமும் ஊதா நிழலாகத் திறந்துகொண்டு வரும், ஒவ்வொரு முகடும் பொன்னிறமாகும். அரை மணித்தியாலம் கூட நிற்காது. அன்றைக்குப் பிடிபட்டதைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்துக்கு வந்து மிச்சத்தைத் தொடர வேண்டியதுதான். மேகம் மூடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். என் கணவருக்கு இதில் நல்ல பொழுதுபோக்கு. "இன்றைக்கு மலை வீட்டில் இருந்ததா?" என்று கேட்பார்.

பருவமும் முக்கியம். மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவமழை கொட்டும் ஆடி, ஆவணியில், மலைமுகட்டைத் தாண்டி எங்கள் ஊவாவுக்கு இறங்குவது ஈரம் வடிந்த கச்சான் காற்றுத்தான். ஊவாத் தேயிலைக்கு உலகில் பேர் வாங்கிக் கொடுத்த வாசனை இந்தக் காய்ந்த காற்றில்தான் ஏறுகிறது. பத்தனைப் புல்வெளியெல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும். அங்கங்கே நெருப்பு வைத்த கருகல் தழும்புகள். பச்சை தேடி வந்தவர்கள் அப்போது ஏமாந்து போவார்கள், மஞ்சட்காவி வைத்திருப்பவர்களுக்குப் பெருநாள். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழை. கன்வஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

பிரான்ஸில் செசான் என்ற ஓவியர் சென்ற் விக்ற்வார் என்ற மலையை இருபது வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வரைந்தார். உயரம் 1,011 மீற்றர். நமுனுகுலவில் பாதிதான்! 1906 ஒக்டோபரில் வெளியில் நின்று வரைந்துகொண்டிருந்தவர் மழையில் மாட்டிக்கொண்டார். அந்த நோயிலேயே சில நாளில் இறந்தும் போனார். இதை ஆசிரியர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் குடை இல்லாமல் என்னை வெளியே விடுவதில்லை.

இரண்டு வருடத்தில் வானம் எனக்கு வசப்பட்டது, தூரத்து மலையும் ஓரளவு வசப்பட்டது. ஆனாலும் படத்தில் மலை தள்ளிப் போய் நிற்கவில்லை. நிறம் சரியாக இருந்தும், பட்டம்போல வெளியில் தொங்கியது. ஏன் என்று எனக்கு விளங்கவேயில்லை. ஆசிரியர் பார்த்துவிட்டு, "நடுவை விட்டுவிட்டீர்களே. இங்கேயிருந்து அங்கே நடந்து போக வழியில்லை" என்றார்.

அவர் சொன்னது ஆயிரம் வருடத்துக்கு முந்திய பாடம் என்று பின்னர் வாசித்து அறிந்தேன். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதம், தன் ஒளியியல் நூலில் தூரத்தைக் கண் எப்படி அளக்கிறது என்று ஆராய்ந்திருக்கிறார். நமக்கும் ஒரு பொருளுக்கும் இடையில் தொடர்ச்சியாகக் கிடக்கும் நிலமும் பொருட்களும் கண்ணில் பட்டால்தான் அதன் தூரம் பிடிபடும். இடையில் ஒன்றுமில்லாவிட்டால் கண் ஏமாந்துவிடும். அதற்கு அவர் எடுத்த உதாரணம் மேகம். சமவெளியில் நிற்பவருக்கு மேகம் எட்டாத உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதே மேகம் ஒரு மலையை மறைத்துக்கொண்டு போகும்போது, அது தரைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று தெரிந்துவிடும். மலைநாட்டுக்காரர்களுக்கு இதற்குச் சாட்சி தேவையில்லை, வருடத்தில் பாதி நாள் மேகத்துக்குள்ளேதான் உடுப்புக் காயப் போடுகிறோம்.

நடு என்றால் என்ன? நான் நின்ற மேட்டுக்குக் கீழே மரக்கறித் தோட்டம், அதற்கப்பால் ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஏறும் தேயிலைச் சரிவு, சவுக்கு மரங்கள், சரிவின் இடுப்பில் ஒரு லயம். நீளமாக ஒரே கூரை, துருப்பிடித்த தகரம். தேயிலையை வரைந்தேன், சவுக்கு மரங்களை ஒவ்வொன்றாக வரைந்தேன். லயம் இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தேயிலையைப் பூசிவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், யோசித்துச் செய்ததுகூட இல்லை. தகரம் அழகைக் கெடுக்கும் என்று கை தானாகவே முடிவு செய்துகொண்டது. தேயிலைப் பெட்டியிலும் கலண்டரிலும் நாம் பார்த்துப் பழகிய மலைநாடு அதுதானே.

2014 ஆவணியில் படம் முடிந்து, வாசல் திண்ணையில் காயவைத்திருந்தேன். அந்தத் தோட்டத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கீரையும் லீக்ஸும் கொண்டுவரும் ஒரு தங்கச்சி உண்டு. கூடையை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தாள். ஊரை அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஓடையைக் காட்டினாள், பாதையின் வளைவைக் காட்டினாள். அவளுடைய விரல் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"மலை நல்லாத்தான் இருக்கு, டீச்சரம்மா. எங்க லயத்தத்தான் காணோம்."

குறையாகச் சொல்லவில்லை. தேடிக் கிடைக்காததைச் சொன்னாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

நான் மனிதர்களையும் மிருகங்களையும் வரைவதில்லை. சின்ன வயதில் ஒரு பசுமாட்டை வரைந்து வாப்பாவிடம் காட்டியபோது, மரம் செடி மலையை வரையும்படி சொன்னார். சித்திரம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மரங்களையும் உயிரில்லாதவற்றையும் வரையச் சொன்ன செய்தியை அன்றுதான் கேட்டேன். அதற்கு மேல் அந்த விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. வாப்பாவின் சொல்லை இன்றுவரை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் லயத்துக்கு உயிரில்லையே. வாப்பா அதை விடச் சொல்லவில்லை. அதை விட்டது நான்.

அந்த வருடம் ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், மலைத்தொடருக்குத் தெற்கே கொஸ்லந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. நாள்கணக்காகப் பெய்த மழை. லயங்கள் குடும்பங்களோடு மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் சிலர் பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சைச் சரிவு, அதன் நடுவில் அகலமாக ஒரு மண்ணிறப் பாதை, வேறொன்றுமில்லை. லயம் இருந்ததற்கு அடையாளமே இல்லாத ஒரு மலை. நான் உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த என் படத்தைக் கழற்றினேன்.

மழை விட்டு, 2015 மாசியில் மலை வெளுத்தது. பழைய கன்வஸின் மேலேயே தொடங்கினேன். இந்த முறை தகரக் கூரையை நேர்மையாகப் பார்த்தேன். அதற்கென்று சொந்த நிறம் இல்லை. மேலேயிருக்கும் வானத்தை வாங்கித் தருகிறது. நண்பகலில் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை, ஐந்து மணிக்கு இளஞ்சிவப்பு கலந்த சாம்பல், துரு உள்ள இடத்தில் பேர்ன்ட் சியன்னா. வரைந்து முடித்ததும் ஓர் ஆச்சரியம். அந்த ஒரு கோட்டுக் கூரை விழுந்ததோடு, நமுனுகுல எழுந்து பின்னால் போய் நின்றுவிட்டது! வீடு எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குத் தெரியும், அதை வைத்து மலையை அளந்துகொள்கிறது.

ஆளை வரையாமல் ஆள் இருப்பதைக் காட்டலாம் என்பதையும் அங்கேதான் கற்றேன். கொடியில் காயும் ஒரு சிவப்புச் சேலைக்கு ஒரு தூரிகைப் புள்ளி. அடுப்புப் புகைக்கு ஒரு மெல்லிய இழுப்பு. இதையும் போய்ப் பாருங்கள், இருண்ட தேயிலைக்கு முன்னால் புகை நீலமாகத் தெரியும். அதே புகை மேலே ஏறி வெளிச்சமான வானத்துக்கு எதிரே வந்ததும் பழுப்பாகிவிடும். மலையை நீலமாக்கும் அதே கணக்குத்தான் இதற்கும்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் புறப்படுமுன் பாதை நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தில் பல சரிவுகள் மறுபடியும் இடிந்தன. மழை நாட்களில் மலையடிவாரத்தில் வரைய உட்காராதீர்கள், என்னைப்போலக் கேட்க ஆளில்லாத வயதானவர்கள் முக்கியமாக.

படத்தைப் பார்க்க அந்தத் தங்கச்சியைக் கூப்பிட்டனுப்பினேன். கூடையை இறக்காமலே வந்து நின்றாள். கூரையைப் பார்த்தாள், சேலையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கதவுகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினாள்.

"ஏழு காம்பராதான் போட்டிருக்கீங்க, டீச்சரம்மா. எட்டு இருக்கணும். எங்களோடது கடைசி."

வர்ணம் இன்னும் காய்ந்திருக்கவில்லை. கூரையின் ஓரத்தைத் துணியால் துடைத்து, ஒரு விரல் அகலம் நீட்டி, எட்டாவது கதவை அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைத்தேன். அவர்கள் கதவுக்கு என்ன நிறம் என்று கேட்டேன். நீலம் என்றாள்.